படலையில் நின்று கூப்பிடுதல்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில் ஓர் இரவு, துலா என்ற நெடுமரத்தை ஏற்றியிறக்கி நீர் இறைத்த எங்கள் ஊரின் பழைய துலாக் கிணறுகளைப் பற்றி நான்கு மாதங்களாக அலைந்து எழுதிய கட்டுரையை முடித்தேன். 16 பக்கங்கள், 22 படங்கள். முடித்த கையோடு, என் கைத்தொலைபேசியில் இருந்த 11 வட்ஸ்அப் குழுக்களுக்கும் பத்து நிமிடத்துக்குள் அதை அனுப்பினேன். பழைய மாணவர் குழு, ஊர்க் குழு, வீட்டுத்தோட்டக் குழு, கோயில் திருப்பணிக் குழு, ஆசிரியர் சங்கக் குழு என்று எதையும் விடவில்லை. மனம் நிறைந்து படுத்தேன்.

மறுநாள் காலை, எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் படிப்பித்த ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். எண்பது வயதைக் கடந்தவர். ஊர்க் குழுவில் இருப்பவர். "தம்பி, உம்மட கட்டுரையை விடிய எழும்பி முழுக்க வாசிச்சனான். கிணறுகளைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா செத்தவீட்டுப் படலையில நிண்டு அதை ஏன் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனீர்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. குழுவைத் திறந்து பார்த்தபோதுதான், என் கட்டுரைக்கு நான்கு நிமிடங்களுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த ஓர் அம்மாவின் மரண அறிவித்தல் இடப்பட்டிருந்ததைக் கண்டேன். அதன் கீழே என் 16 பக்கங்கள். அதற்குக் கீழே, ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் எழுதிய ஆழ்ந்த அனுதாபங்கள். நான் அந்த அறிவித்தலைப் பார்க்கவேயில்லை. பார்க்காமல் அனுப்பியதுதான் என் பிழை என்பதையும், அது கவனக்குறைவு என்ற ஒரு சொல்லில் அடங்காத பிழை என்பதையும் அன்று உணர்ந்தேன். வீட்டுத்தோட்டக் குழுவிலிருந்து என் பதிவு நீக்கப்பட்டிருந்தது. மற்ற ஒன்பது குழுக்களில் எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

செத்தவீட்டுக்கு அன்று மாலையே போனேன். அந்த அம்மாவின் மகனிடம் மன்னிப்புக் கேட்டபோது, அவர் பெருந்தன்மையாக, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்று சொன்னார். ஆனால் வேலியின் வாசற்கதவைக் குறிக்க ஆசிரியர் சொன்ன 'படலை' என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. நாம் ஒன்றைப் படைத்துவிட்டு அதை நாலு பேருக்குக் காட்ட விரும்பும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யோசித்து வருகிறேன். இன்று கவிதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், காணொளி எடுக்கிறவர்கள், வீட்டிலேயே மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறவர்கள் என்று எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்பதால், யோசித்ததை எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்களில் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போகும்போது, படலையைத் திறந்துகொண்டு நேரே விறாந்தையில் ஏறுவதில்லை. படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து யாராவது எட்டிப் பார்க்கும்வரை நிற்பார். அந்தச் சில நொடிகளில் அவர் பல செய்திகளை அறிந்துகொள்கிறார்: வளவில் வாகனம் நிற்கிறதா, உள்ளே அழுகை கேட்கிறதா, சாப்பாட்டு நேரமா, பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கிறார்களா. கிடுகு வேலி மதிலாகி, படலை இரும்புக் கேற்றாகிய பின்னரும் இந்தப் பழக்கம் முற்றாக அழியவில்லை. இணையக் குழு ஒன்றுக்குள் நம் படைப்பைக் கொண்டுபோகும்போது அந்த நொடிகள்தான் இல்லாமற் போய்விடுகின்றன, ஏனென்றால் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, நாம் ஏற்கெனவே உறுப்பினர்களாக இருக்கிறோம், பொத்தானை அழுத்தினால் போதும். வேண்டுமென்றே நின்று பார்க்கிறவருக்கு மட்டுமே அந்த நொடிகள் கிடைக்கும்.

நின்று பார்ப்பது என்றால் என்ன? கடைசியாக இடப்பட்ட இருபது முப்பது பதிவுகளைப் படிப்பது. குழு எதற்காகத் தொடங்கப்பட்டது என்று அதன் முகப்புக் குறிப்பில் எழுதியிருப்பதைப் பார்ப்பது. ஐயமிருந்தால் நிர்வாகிக்குத் தனியே எழுதிக் கேட்பது. வீட்டுத்தோட்டக் குழுவின் நிர்வாகிக்கு நான் பின்னர் எழுதியபோது, அவர் எந்தக் கோபமும் இல்லாமல், கிணற்று நீரைத் தோட்டத்துக்கு இறைத்த முறை பற்றிய இரண்டு பக்கங்களை மட்டும் தந்திருந்தால் தாமே மகிழ்ச்சியோடு இட்டிருப்பார் என்று பதில் எழுதினார். 16 பக்கங்களில் எந்த இரண்டு பக்கம் எவருக்கு உதவும் என்று யோசிக்கும் வேலையை நான் செய்யாமல், அதை 11 குழுக்களில் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தலையில் சுமத்தியிருந்தேன்.

தன் படைப்பைத் தானே முன்வைப்பது குறித்துத் தமிழில் மிகப் பழைய சிந்தனை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இலக்கண நூலான நன்னூல், பாயிரம் என்ற தன் முன்னுரைப் பகுதியிலேயே இதைப் பேசுகிறது. ஆறுமுக நாவலர் காண்டிகையுரையோடு பதிப்பித்ததால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த நூல் அது. முன்பு இல்லாத ஒன்றைத் தோற்றுவித்துப் பல துறைகளையும் முடித்துக்காட்டியவனாக இருந்தாலும், ஒருவன் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்று பவணந்தி முனிவர் சொல்கிறார். ஆகையால் ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரத்தை அதை இயற்றியவன் எழுதக்கூடாது. அவனுடைய ஆசிரியன், அவனோடு கற்றவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்குத் தக்க உரை செய்தவன் ஆகியோரில் ஒருவரே எழுத வேண்டும்.

இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்த சூத்திரத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்து சொல்வதும் தகும் என்கிறது அது. அரசனுடைய மன்றத்துக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த வேளையில். இந்த நான்கில் இரண்டாவது எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. நம் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் நாம் மௌனமாக இருந்தால் அவர்கள் அறிய வேறு வழியில்லை. எனவே தன் படைப்பைத் தானே காட்டுவது தவறு என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. காட்டுவதற்கு ஓர் இடமும் பொழுதும் அளவும் இருக்கின்றன என்றுதான் சொல்கிறது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தற்புகழ்ச்சிக்காரரை விடக் கூச்சக்காரரே எண்ணிக்கையில் அதிகம் என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இருபது ஆண்டுகளாகச் சிறுகதை எழுதிக் கொப்பிகளில் வைத்திருக்கிறார். காட்டினால் "பெரிய எழுத்தாளர் எண்டு நினைப்பு" என்று சொல்வார்கள் என்று அஞ்சுகிறார். இன்னும் சிலர், காட்டும் ஆசையும் கூச்சமும் ஒன்றோடொன்று மோத, "நண்பர் ஒருவர் அனுப்பியது, நன்றாக இருக்கிறது" என்ற குறிப்போடு தங்கள் கவிதையையே இடுகிறார்கள். வேறு பெயரில் கணக்குத் திறந்து தம் பதிவுக்குத் தாமே பாராட்டு எழுதுகிறவர்களும் உண்டு. அடக்கம் என்ற எண்ணத்தில் தொடங்கும் இந்தச் செயல் ஏமாற்றில் முடிகிறது. வாசிக்கிறவர் ஒரு மூன்றாம் மனிதரின் பரிந்துரை என்று நம்பித் தன் நேரத்தைத் தருகிறார்; உண்மை தெரியவரும்போது, அடுத்த முறை மெய்யான பரிந்துரையையும் அவர் நம்பமாட்டார். "இது நான் எழுதியது" என்ற மூன்று சொற்களை முதல் வரியிலேயே எழுதிவிட்டால், எழுதியவருக்கும் கூச்சம் தீர்கிறது, வாசிப்பவருக்கும் வேண்டாம் என்று கடந்துபோகும் சுதந்திரம் கிடைக்கிறது.

இதோடு சேர்ந்த ஒரு சிறு நுட்பம்: வட்ஸ்அப்பில் பிறர் அனுப்பியதை அப்படியே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டால், அது 'முன்னனுப்பியது' என்ற குறியோடு போகிறது. 2018 முதல் இந்தக் குறி இருக்கிறது. வதந்திகளைக் கட்டுப்படுத்த, 2019இல் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடியும் செய்தார்கள். நான் அன்று மூன்று தடவையாக அழுத்தி 11 குழுக்களுக்கும் அனுப்பினேன். தனிக் குறிப்பு எதுவும் இல்லாமல் போனதால் என் சொந்தக் கட்டுரையும், யாரோ எங்கிருந்தோ அனுப்பிய ஏதோ ஒன்றாகப் பலருக்குத் தோன்றியிருக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் அந்தந்த மனிதரை நினைத்துத் தனியாக மூன்று வரி எழுதி அனுப்புவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைச் செலவழிக்க மனம் வராத இடத்துக்கு அனுப்பத் தேவையில்லை என்பதையும் அது நமக்குக் காட்டிவிடும்.

எங்கள் நூல் வெளியீட்டு விழாக்களைக் கூர்ந்து பார்த்தால், நன்னூலின் அந்த ஒழுங்கு இன்றும் அங்கே உயிரோடு இருப்பது தெரியும். ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை அல்லது மதிப்பீட்டுரை என்று பிறர் எல்லோரும் பேசி முடித்த பிறகே நூலாசிரியர் எழுந்து ஏற்புரை சொல்கிறார். தன் நூலைப் பற்றித் தானே நீண்ட நேரம் பேசும் ஆசிரியரை அவை பொறுத்துக்கொள்வதில்லை. கூட்டம் நீளும், வாழ்த்துரைகள் சலிக்கும், மதிப்பீடு செய்ய வந்தவர் நூலை வாசிக்காமலே வந்திருப்பார் என்ற குறைகள் எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒருவருடைய உழைப்பை இன்னொருவர் வாயால் அவைக்கு அறிமுகம் செய்வது என்ற அடிப்படை மிகவும் மதிப்புள்ளது. இணையத்தில் இந்த வரிசை குலைந்துபோகிறது. அங்கே ஆசிரியரே வெளியீட்டாளர், ஆசிரியரே நயப்புரையாளர், ஆசிரியரே கதிரை அடுக்குகிறவர். ஆகவே நான் இப்போது செய்வது இது: எழுதி முடித்ததும் குழுவில் இடுவதற்கு முன்னர் இரண்டு பேருக்குத் தனியே அனுப்பி வாசிக்கச் சொல்கிறேன். ஒருவர் பொருள் அறிந்தவராகவும், மற்றவர் அந்தப் பொருளில் ஆர்வமே இல்லாதவராகவும் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு உண்மையாகப் பிடித்திருந்தால், அவரே அதைக் குழுவுக்குக் கொண்டுபோகிறார். பிடிக்கவில்லையென்றால் அந்தக் கட்டுரை இன்னும் கொஞ்சக் காலம் என்னோடேயே இருக்கிறது.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். அயல்வீட்டிலிருந்து கொழுக்கட்டையோ மாம்பழமோ ஒரு பாத்திரத்தில் வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அம்மா கொடுத்தனுப்புவார். நம் எழுத்தை வாசிக்கும்படி ஒருவரிடம் கேட்கும்போது, அவருடைய வாழ்நாளிலிருந்து அரை மணித்தியாலத்தைக் கேட்கிறோம். அது கடன். அந்தக் கடனைத் தீர்க்கும் வழி, அவருடைய எழுத்தையும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருடைய எழுத்தையும் அதே கவனத்தோடு வாசிப்பதுதான். பல குழுக்களில் நான் காணும் துயரம் என்னவென்றால், எல்லோரும் பாத்திரத்தை அனுப்புகிறார்கள், ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. முப்பது பேர் கவிதை இடுகிறார்கள், முப்பது கவிதைக்கும் கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்று விழுகிறது, வாசித்தவர் ஒருவரும் இல்லை.

ரெடிட் என்ற பெரிய தளத்தில் முன்பு ஒரு வழிகாட்டல் இருந்தது. ஒருவர் இடும் பத்துப் பதிவுகளில் ஒன்றுக்கு மேல் அவருடைய சொந்தப் பொருளாக இருக்கக்கூடாது. மற்ற ஒன்பதும் பிறருடைய ஆக்கங்களும் பிறரோடு நடத்தும் உரையாடலுமாக இருக்க வேண்டும். எண்ணிக் கணக்குப் பார்த்து நட்பை நடத்த முடியாது என்பதால் இந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் விகிதம் சரியானது. ஓவியக் குழு ஒன்றில் நான் கவனித்து வந்த ஓர் இளம் பெண், சேர்ந்து ஏறக்குறைய ஆறு மாதங்கள் தன் படம் எதையும் இடவில்லை. மற்றவர்களின் படங்களுக்குக் கீழே, "இந்தப் பனங்கூடலின் பின்னால் வானத்துக்கு ஏன் இந்த நிறத்தை எடுத்தீர்கள்?" என்பது போன்ற கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் முதல் படத்தை இட்ட அன்று, குழுவில் இருந்த மூத்த ஓவியர்கள் பலர் பத்தி பத்தியாக அதைப் பற்றி எழுதினார்கள். அவர் ஏதோ திட்டம் போட்டு அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பிறருடைய படங்களைப் பார்க்க அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் அங்கே எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுரைகள் கட்டடக்கலையையும் ஊர்களையும் மொழியையும் பற்றியவை. தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதுவதை அந்தக் கலைக்களஞ்சியம் வன்மையாகத் தவிர்க்கச் சொல்கிறது. நூல் ஒன்று வெளியானவுடன் விக்கிப்பீடியாவில் தமக்கொரு பக்கம் திறக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அந்தப் பக்கம் நீக்கப்படும்போது கோபப்படாதீர்கள், உங்கள் ஊரின் குளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்.

கையெழுத்துச் சஞ்சிகைக் காலத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1946இல் அச்சில் வெளிவந்த 'மறுமலர்ச்சி' கூட அதற்கு முன்னர் கையெழுத்துச் சஞ்சிகையாகவே இருந்தது. கையால் எழுதிய ஒரே ஒரு பிரதி வீடு வீடாகப் போகும். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முந்திய வீட்டுக்காரர் வாசித்து முடித்தாக வேண்டும். அப்படிச் சுற்றும் பிரதிகளின் கடைசியில் சில தாள்களை வெறுமையாக விட்டு, வாசித்தவரின் கருத்தை எழுதக் கேட்பது வழக்கம். எழுதியவர் அந்தத் தாள்களுக்காகக் காத்திருப்பார். இன்று நாம் காத்திருப்பதில்லை, இட்டுவிட்டு வெளியேறிவிடுகிறோம். இட்ட பின்னர் அங்கேயே இருந்து, கேட்கிறவருக்குப் பதில் சொல்வது, இடுவதற்குச் சமமான பாதி வேலை.

அந்தப் பாதியை நான் கற்றதும் அதே கட்டுரையால்தான். இரண்டு வாரம் கழித்து, கொண்டல் வீதிப் பக்கம் தோட்டம் செய்யும் ஒரு முதியவர் என்னைச் சந்தித்தபோது, 'ஆடுகால்' என்ற சொல்லை நான் பிழையாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பெயரில் 'ஆடு' இருப்பதால் அது மேலும் கீழும் ஆடுகின்ற பகுதி என்று நான் எழுதிவிட்டேன். நிலத்தில் ஊன்றி நின்று துலாவைத் தாங்கும் கால்தான் ஆடுகால். ஆடுவது அதன் மேலே இருக்கும் துலா. துலா மிதித்த மனிதரின் வாயிலிருந்து வந்த திருத்தம் அது. என் முதல் உணர்வு, எனக்குத் தகவல் தந்தவர் அப்படித்தான் சொன்னார் என்று வாதிடுவதாக இருந்தது. வாதிடாமல் வீட்டுக்கு வந்து பந்தியைத் திருத்தி, யார் சொல்லித் திருத்தினேன் என்பதையும் அவருடைய அனுமதியோடு எழுதினேன். பிழையைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, முதலிலேயே சரியாக எழுதியதுபோல் நடந்துகொள்வது, சுட்டிக்காட்டியவரை இருட்டில் நிறுத்துவதாகும். அவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்.

பெயர் குறிப்பிடுவதிலும் எனக்கு ஒரு குறை இருந்தது. அந்த 22 படங்களில் ஐந்து என் மைத்துனர் எடுத்தவை. அவசரத்தில் அவருடைய பெயரை நான் இடவில்லை. எல்லாம் நான் எடுத்ததாகவே வாசித்தவர்கள் எண்ணினார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவர் தாமே படைத்தவர் என்று உரிமை கோருவதற்கும் பாதுகாப்பு அளிக்கிறது, ஒளிப்படத்துக்கும் அது பொருந்தும். உறவினர் வழக்குப் போடமாட்டார் என்பதற்காக அந்த உரிமை இல்லாமற் போய்விடாது. 'என் படைப்பு' என்று காட்டுமுன், அதில் எவ்வளவு என்னுடையது என்று எண்ணிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

பணம் தொடர்பாகவும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நூல் வெளியீட்டில் சிறப்புப் பிரதி வாங்குகிறவர் கடித உறையில் ஒரு தொகையை வைத்துக் கொடுப்பார்; எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை; அந்த உறை அச்சுச் செலவின் ஒரு பகுதியைத் தாங்கும். இது நேரில், விரும்பி வந்தவர்களிடையே நடப்பது. இதையே வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கும் பழைய வகுப்புத் தோழருக்கும் தனிச் செய்தியாக, வங்கிக் கணக்கு இலக்கத்தோடு அனுப்பும்போது அதன் தன்மை முழுதாக மாறிவிடுகிறது. சூரிச்சில் இரவு வேலை முடித்து வருகின்ற ஒருவருக்கு, ஊரிலிருந்து வரும் செய்தி எதுவாக இருந்தாலும் மறுக்கும் துணிவு இருப்பதில்லை. கோயிலுக்கும் பாடசாலைக்கும் மருத்துவச் செலவுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும் அதே கையிடம், வாசிப்பதற்கான அன்பின் பெயரால் இன்னொரு கடமையை ஏற்றுகிறோம். அவர் பணம் அனுப்புவார். நூலை வாசிக்கமாட்டார். அதன் பிறகு நம்முடைய பெயரைத் தொலைபேசியில் காணும்போது அவருக்கு ஒரு சிறு தயக்கம் வரும். விற்கிறோமென்றால் விலையையும் தபாற்செலவையும் ஒரே பதிவில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கொடுக்கிறோமென்றால் உண்மையாகவே இலவசமாகக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று, "நீங்கள் விரும்பியதைத் தாருங்கள்" என்று நெருங்கியவரிடம் தனியே கேட்பது அவருக்கு வலி தருவது.

சிறிய விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், மற்றவரின் கைத்தொலைபேசியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இடுங்கள். இங்கே தரவை அளந்து வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் பலர் என்பதால் படங்களைச் சிறிதாக்குங்கள். 40 பேரை முகநூலில் கோர்த்துவிட்டுக் கவிதை இடாதீர்கள்; கேட்காமல் எவரையும் உங்கள் புதிய குழுவில் சேர்க்காதீர்கள். நாம் இரவு 8 மணிக்கு இடுவது ரொறன்ரோவில் கோடைகாலத்தில் காலை 10.30, வேலை நேரத்தில் அவர்கள் பதில் எழுதவில்லை என்று மனம் வருந்தாதீர்கள்.

காட்டும் ஆசை நிறைய இருந்து, காட்டுவதற்குத் தகுந்த இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் முகப்பில் சங்கடப்படலை என்று ஒன்று இருந்தது. கூரை வேய்ந்த படலை அது. வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறத் திண்ணையும், குடிக்கத் தண்ணீர்ப் பானையும் இருக்கும். வீட்டுக்காரர் தெருவில் இறங்கி எவரையும் மறித்துத் தண்ணீர் கொடுப்பதில்லை. தாகம் உள்ளவர் குடித்துவிட்டுப் போவார். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், இறந்தவர் நினைவாக வெளியிடும் 'கல்வெட்டு' என்ற சிறு நூல்கள் வரை அங்கே சேர்ந்திருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்கள் அழிந்த ஊர் இது. இங்கே எழுதப்படும் ஒவ்வொன்றும் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. சிறு வெளியீடாக இருந்தாலும் அத்தகைய இடத்துக்குக் கொடுத்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்துத் துலாவைப் பற்றித் தேடும் ஒரு மாணவி அதைத் தானாகவே வந்து எடுத்துக்கொள்வாள். இன்று எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பதற்றம் இந்த நினைப்பால் எனக்குப் பெரிதும் குறைந்திருக்கிறது.

இப்போது சங்கடப்படலைகளைப் பற்றியே ஒரு கட்டுரையை எழுதி முடித்திருக்கிறேன். ஆறு பக்கங்கள். வாசிக்கக் கொடுத்த இருவரில் ஒருவர் முதற்பகுதி நீளம் என்று சொன்னதால் அதைப் பாதியாகக் குறைத்தேன். என் தமிழாசிரியர் தம் சிறுவயதில் கண்ட ஒரு படலையின் அமைப்பைக் கொப்பித் தாளில் வரைந்து கொடுத்தார். படத்துக்குக் கீழே அவருடைய பெயர் இருக்கிறது. ஊர்க் குழுவின் நிர்வாகியிடம் கேட்டபோது இந்த ஞாயிற்றுக்கிழமை இடலாம் என்றார். குழுவுக்கென்று எழுதிவைத்த குறிப்பு இது: "இது நான் எழுதியது. எங்கள் ஊரில் இருந்த ஏழு சங்கடப்படலைகளைப் பற்றியது. வாசிக்க இருபது நிமிடம் பிடிக்கும். மூன்றாம் பக்கத்தில் உள்ள வீடு யாருடையது என்று தெரிந்தவர்கள் சொன்னால் சேர்த்துக்கொள்வேன்."

நேற்று மாலை, அந்த ஏழு வீடுகளில் ஒன்றின் பெரியவர் காலமானார் என்ற அறிவித்தல் குழுவில் வந்தது. நிர்வாகிக்கு எழுதி, மரணத்துக்குப் பின் வரும் எட்டுச்செலவுச் சடங்கு முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்று பின்னேரம் செத்தவீட்டுக்குப் போக வேண்டும்.